படிக்கட்டு வரிகள்

ரெக்கார்டு நோட்டில் ஒரு கேள்வி

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ராத்திரி எட்டு மணி. பிளஸ் டூவில் கணினி அறிவியல் படிக்கும் பையன் ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் முறத்தை வைத்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருக்கும் அம்மா நோட்டை எட்டிப் பார்க்கிறார். இப்படி ஒரு காட்சியை மனத்தில் ஓட்டிப் பாருங்கள்.

"ஏன்டா, இம்மாம் எடம் உட்டு எழுதற? பாதிப் பக்கம் காலியாவே கெடக்குது. நோட்டு என்னா சும்மாவா வருது?"

"அப்டித்தாம்மா எழுதணும். மிஸ் சொல்லிக்கிறாங்க. தள்ளி எழுதலன்னா மார்க் போயிடும்."

"அதான், ஏன் தள்ளி எழுதணும்?"

பையனிடம் பதில் இல்லை. பாடப்புத்தகத்தில் அப்படி இருக்கிறது, அதனால் அவனும் அப்படி எழுதுகிறான்.

அம்மாவின் கேள்வி மிக நல்ல கேள்வி. கணினி நிரல் அச்சான எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இதே கோலம்தான். ஒரு வரி ஓரத்தில் தொடங்கும், அடுத்தது நான்கு எழுத்து தள்ளித் தொடங்கும், அதற்கடுத்தது இன்னும் தள்ளிப் போகும். பிறகு வரிகள் படிப்படியாக ஓரத்துக்குத் திரும்பும். பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால் குளத்துப் படிக்கட்டு மாதிரி இருக்கும். சில சொற்கள் தடித்திருக்கும். எழுத்துகள் எல்லாம் ஒரே அகலத்தில் நிற்கும். எதற்கு இத்தனை ஏற்பாடு? இயந்திரம் படிக்கப்போகிற ஒன்றை ஏன் அழகாக அச்சிட வேண்டும்?

நிரலை அச்சிடும்போது விடும் காலியிடம் வீணாவதில்லை. அதுவும் ஓர் எழுத்து என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்லப்போகிறது.

இடைவெளி இல்லாத காலம்

எழுத்துக்கு இடையே இடம் விடுவது நமக்குப் பழகிவிட்டது. பழகியதால் அதை ஒரு கண்டுபிடிப்பாக நாம் நினைப்பதில்லை.

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போனால் அங்கே திருநாதர்குன்று இருக்கிறது. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமணத் துறவியின் நினைவாக அந்தப் பாறையில் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. பழந்தமிழ்க் கல்வெட்டுகளில் எழுத்துகள் ஒன்றையொன்று ஒட்டியே ஓடும். சொல் எங்கே முடிகிறது என்பதைப் படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓலைச்சுவடி இன்னும் கடினம். பெரும்பாலான சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். செய்யுளின் அடிகள் மடங்காமல், உரைநடைபோல ஓலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடும். மூலம் எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்பதையும் தேடித்தான் அறிய வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது செய்த பெரும்பணிகளில் ஒன்று, இந்த வெள்ளத்துக்குக் கரை கட்டியது. அடி பிரித்தார், மூலத்தைத் தனியாகவும் உரையைத் தனியாகவும் நிறுத்தினார். ஒரு புதுச் சொல்லும் சேராமலே, மறைந்து கிடந்த அமைப்பு கண்ணுக்குத் தெரிந்தது.

நிரலை அச்சிடுபவரும் இதே வேலையைத்தான் செய்கிறார்.

மல்லாட்டை மூட்டைக் கணக்கு

ஒரு சின்ன நிரலை எடுத்துக்கொள்வோம். நிரல் என்பது கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளின் வரிசை. முத்து அண்ணாமலை உருவாக்கி, 2009இல் ஆய்வுரையாக அறிமுகப்படுத்திய 'எழில்' என்ற நிரல்மொழியில் இதை எழுதுகிறேன். அதன் கட்டளைச் சொற்கள் முழுக்கத் தமிழில் இருப்பதால், நிரல் எழுதத் தெரியாதவரும் பின்தொடரலாம்.

விழுப்புரம் வட்டாரத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். விற்பனைக்கூடத்துக்கு ஐந்து மூட்டை மல்லாட்டை போகிறது. மூட்டைக்கு 80 கிலோ. வண்டியில் ஒவ்வொரு மூட்டையாக ஏற்றுகிறோம். மொத்தப் பாரம் 200 கிலோவைத் தாண்டினால் எச்சரிக்க வேண்டும். கடைசியில் மொத்த எடையைச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் வேலை.

முதலில், இடமே விடாமல் எழுதிப் பார்ப்போம்:

மொத்தம் = 0
மூட்டை = 1
@( மூட்டை <= 5 ) வரை
மொத்தம் = மொத்தம் + 80
@( மொத்தம் > 200 ) ஆனால்
பதிப்பி "பாரம் அதிகம்"
முடி
மூட்டை = மூட்டை + 1
முடி
பதிப்பி மொத்தம்

'வரை' என்றால், அடைப்புக்குறிக்குள் இருக்கும் நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை அடுத்த வரிகளைத் திரும்பத் திரும்பச் செய் என்று பொருள். 'ஆனால்' என்றால், நிபந்தனை உண்மையானால் மட்டும் செய். 'முடி' என்பது அந்தப் பகுதிக்கு எல்லைக்கல். 'பதிப்பி' என்பது திரையில் காட்டு என்ற கட்டளை.

கணினிக்கு இந்த எழுத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. நமக்கு உண்டு. இரண்டு 'முடி' இருக்கின்றனவே, எது எதை முடிக்கிறது? சொல்ல வேண்டுமானால் விரலை வைத்து மேலிருந்து எண்ணிவர வேண்டும். பத்து வரிக்கே இப்படியென்றால் ஆயிரம் வரி நிரலில் விரல் போதாது.

இப்போது அதையே தள்ளி எழுதுவோம். வரிக்கு எண்ணும் போடுவோம்:

 1  மொத்தம் = 0
 2  மூட்டை = 1
 3  @( மூட்டை <= 5 ) வரை
 4      மொத்தம் = மொத்தம் + 80
 5      @( மொத்தம் > 200 ) ஆனால்
 6          பதிப்பி "பாரம் அதிகம்"
 7      முடி
 8      மூட்டை = மூட்டை + 1
 9  முடி
10  பதிப்பி மொத்தம்

ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் 4 முதல் 8 வரையுள்ள வரிகள் 3ஆம் வரியின் பிள்ளைகள் என்பது பார்த்ததுமே தெரிகிறது. 6ஆம் வரி பேரன். 10ஆம் வரி அந்தக் குடும்பத்துக்கு வெளியே நிற்கிறது. இப்படி வரியின் தொடக்கத்தைத் தள்ளி வைப்பதை உள்தள்ளல் என்போம்.

நிரலை ஓட்டினால், மூன்றாவது மூட்டையில் பாரம் 240 ஆகிறது. அங்கிருந்து மூன்று முறை எச்சரிக்கை வரும். கடைசியில் 400 என்று வரும். ஐந்து மூட்டை, மூட்டைக்கு எண்பது. கணக்கு சரி.

நான்கு எழுத்து இடத்தில் இரண்டு மூட்டை

இப்போது, உள்தள்ளலை மட்டுமே எல்லையாகக் கொள்ளும் ஒரு மொழியில் இதே நிரல் இருப்பதாக வைத்துக்கொண்டு, 8ஆம் வரியை மட்டும் நான்கு எழுத்து வலப்பக்கம் நகர்த்துவோம். அதாவது 'மூட்டை எண்ணில் ஒன்று கூட்டு' என்ற கட்டளை 6ஆம் வரிக்கு நேர் கீழே வந்து, 'பாரம் 200ஐத் தாண்டினால் மட்டும்' என்ற நிபந்தனைக்குள் அடங்குகிறது.

பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் சுற்றில் பாரம் 80. நிபந்தனை உண்மையில்லை, ஆகவே மூட்டை எண் கூடவில்லை. இரண்டாம் சுற்றில் 160. இன்னும் மூட்டை எண் 1தான். மூன்றாம் சுற்றில் 240, இப்போதுதான் எண் 2 ஆகிறது. அடுத்து 320, 400, 480, 560. மூட்டை எண் 6 ஆகி, சுற்று நிற்கும்போது மொத்தம் 560 கிலோ. ஐந்து மூட்டை ஏற்றினோம், கணக்கு ஏழு மூட்டை என்கிறது. ஒரே ஒரு வரி நான்கு எழுத்து இடம் நகர்ந்ததில், இல்லாத இரண்டு மூட்டை மல்லாட்டை முளைத்துவிட்டது.

எழிலில் இந்தத் தவறு எளிதில் நடக்காது. 'முடி' என்ற எல்லைக்கல் இருப்பதால், 8ஆம் வரியை எங்கே தள்ளி அச்சிட்டாலும் கணினி 'முடி'யைப் பார்த்தே முடிவெடுக்கும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் 2019 முதல் படிக்கும் பைத்தான் மொழியில் 'முடி' கிடையாது. அங்கே உள்தள்ளல்தான் எல்லைக்கல். கீடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட அந்த மொழி, பீட்டர் லாண்டின் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1966இல் முன்வைத்த ஒரு கருத்தின் வழிவந்தது. மனிதர்கள் எப்படியும் தள்ளித்தான் எழுதுகிறார்கள், அந்தத் தள்ளலையே இலக்கணமாக்கினால் என்ன என்பதே அந்தக் கருத்து. ஆகவே பைத்தான் நிரலில் காலியிடம் உண்மையிலேயே ஓர் எழுத்து. அச்சில் அது போனால் பொருளும் போகும்.

அம்மாவின் கேள்விக்கு இது முதல் பதில். பையன் தள்ளி எழுதாவிட்டால் மார்க் போவதற்கு முன்பே கணக்குப் போய்விடும்.

கண் நம்பியது, கணினி செய்தது

எல்லைக்கல் உள்ள மொழிகளில் ஆபத்து வேறு வடிவில் வரும். அங்கே கணினி குறிகளைப் பார்க்கும், மனிதன் உள்தள்ளலைப் பார்ப்பான். இரண்டும் வேறு வேறு சொன்னால், மனிதன் ஏமாறுவான்.

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. இணையத்தில் நாம் பேசும் தளம் உண்மையான தளம்தானா என்று சரிபார்க்கும் பகுதியில் ஒரு பிழை. 'சோதனை தவறினால் வெளியேறு' என்ற அமைப்பில், 'வெளியேறு' என்ற வரி தவறுதலாக இரண்டு முறை வந்திருந்தது. முதல் வரி நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது கட்டுப்படாதது, எப்போதும் நடப்பது. அதனால் மிச்சமிருந்த முக்கியமான சோதனை நடக்காமலே, எல்லாம் சரி என்ற பதில் போய்க்கொண்டிருந்தது. அந்த இரண்டாவது வரியும் முதல் வரியைப் போலவே உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்தது. பார்க்கிற கண்ணுக்கு அதுவும் நிபந்தனைக்குள் அடங்கியதுபோலத் தெரிந்தது. தள்ளலைச் சரிபார்க்கும் ஒரு மென்பொருள் அந்த வரியை அதற்குரிய ஓரத்துக்குக் கொண்டுவந்திருந்தால், அது துருத்திக்கொண்டு நின்றிருக்கும்.

சரி, எவ்வளவு தள்ளுவது நல்லது? 1983இல் கணினி ஆய்வாளர் பென் ஷ்னைடர்மனும் அவருடன் பணியாற்றிய மூவரும் இதைச் சோதித்தார்கள். ஒரே நிரலை இடமே விடாமலும், 2, 4, 6 எழுத்து இடம் தள்ளியும் தந்து, புதியவர்களையும் அனுபவசாலிகளையும் படிக்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். இரண்டு முதல் நான்கு எழுத்துவரை தள்ளியபோது புரிதல் சிறந்திருந்தது. ஆறு என்பது அதிகம். வரிகள் பக்கத்தின் வலப்பக்கத்துக்கு ஓடிவிடுகின்றன, கண் அலைகிறது. பைத்தான்காரர்கள் 2001இல் எழுதிவைத்த நடைக்கையேடு நான்கு என்று நிறுத்திக்கொண்டது.

ஒரே அகலம் எங்கிருந்து வந்தது?

நிரலில் எழுத்துகள் எல்லாம் ஒரே அகலமாக இருப்பது ஏன்? ஆங்கிலத்தில் ஒல்லியான எழுத்தும் உண்டு, குண்டான எழுத்தும் உண்டு. புத்தக அச்சில் அவை தத்தம் அகலத்தில் நிற்கும். நிரலில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுக் கட்டம்.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். தட்டச்சு இயந்திரத்தில் எந்த விசையைத் தட்டினாலும் காகிதம் ஒரே அளவு நகரும். அதன் வாரிசுகள்தான் பழைய கணினி அச்சு இயந்திரங்கள். துளையட்டையில் 80 கட்டம், அகலமான கணினித் தாளில் 132 கட்டம், கட்டத்துக்கு ஓர் எழுத்து. அந்த இயந்திரங்கள் போய்விட்டன, கட்டம் தங்கிவிட்டது. தங்கியதற்குக் காரணமும் உண்டு. கட்டம் ஒன்றாக இருந்தால் நான்கு இடம் தள்ளியதையும் எட்டு இடம் தள்ளியதையும் கண் சுலபமாகப் பிரித்தறியும். அடைப்புக்குறியும் புள்ளியும் மற்ற எழுத்துக்கிடையில் நசுங்கிப்போகாது. இப்படிப்பட்ட எழுத்துருவைச் சம அகல எழுத்துரு என்போம்.

தமிழ் அந்தக் கட்டத்தில் உட்காருமா?

தமிழில் நிரலோ, நிரலுக்குள் தமிழ்க் குறிப்போ எழுதுபவர்கள் எல்லோரும் இங்கே வந்து இடறுகிறார்கள். 'ர' ஒல்லி, 'ண' அகலம், 'ணௌ' இன்னும் அகலம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர்.முத்தையா தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை வடிவமைத்தபோது, இத்தனை எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. புள்ளி போன்ற குறிகளுக்குக் காகிதம் நகராத விசை என்ற உத்தி அங்கே கைகொடுத்தது. கணினியில் சிக்கல் வேறு வகை.

'மூட்டை' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூ, ட், டை என்று மூன்று என்போம். ஒருங்குறி (யூனிகோட்) என்ற குறியாக்கத்தில் கணினி அதை ஆறாகச் சேமிக்கிறது: மகரம், ஊகாரக் குறி, டகரம், புள்ளி, இன்னொரு டகரம், ஐகாரக் குறி. 'மொத்தம்' நமக்கு நான்கு, கணினிக்கு ஏழு. திரையில் அவை பிடிக்கும் அகலமோ இந்த இரண்டு எண்ணிக்கைக்கும் பொருந்தாது. சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு எழுத்துக்கு இரண்டு கட்டம் என்று ஒதுக்கிச் சமாளித்துவிடுகிறார்கள். தமிழுக்கு அப்படி ஒரே விதி சொல்ல முடியாது.

இதனால் ஒரு பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். ஆங்கில நிரல்களில், அடுத்தடுத்த வரிகளின் சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்று வரும்படி நடுவில் இடம் விட்டு நேராக்குவார்கள். தமிழ்ப் பெயர்கள் உள்ள நிரலில் இதைச் செய்தால், எழுத்துரு மாறியதும் வரிசை கோணிக்கொள்ளும். ஆனால் வரியின் தொடக்கத்தில் விடும் இடம் கோணாது. அங்கே இடைவெளி மட்டும்தான் இருக்கிறது, எந்த எழுத்துருவிலும் ஓர் இடைவெளியின் அகலம் இன்னோர் இடைவெளியின் அகலத்துக்குச் சமம். ஆகவே தமிழ் நிரலுக்கு என் விதி இது: முன்னால் தள்ளுங்கள், நடுவில் நேராக்காதீர்கள். மேலே உள்ள மல்லாட்டைக் கணக்கு அப்படித்தான் அச்சாகியிருக்கிறது.

இன்னொன்று, சாய்வெழுத்து. ஆங்கில நிரலில் விளக்கக் குறிப்புகளைச் சாய்வெழுத்தில் போடுவது வழக்கம். லத்தீன் எழுத்துக்குச் சாய்வு என்பது தனி மரபுள்ள வடிவம். தமிழ் எழுத்தைச் சாய்த்தால் சாய்ந்த தமிழ்தான் கிடைக்கும், படிக்கவும் சிரமம். குறிப்பை மெல்லிய எழுத்திலும் கட்டளைச் சொல்லைத் தடித்த எழுத்திலும் போட்டாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

அழகுபடுத்தும் இயந்திரம்

தள்ளுவது, தடிப்பாக்குவது எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டியதில்லை. அதற்கென்று மென்பொருள்கள் இருக்கின்றன. உள்ளே அவை செய்யும் வேலையை ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு நீங்களே செய்யலாம்.

முதல் படி, சொற்கூறுகளாகப் பிரிப்பது. வரியை எழுத்தெழுத்தாகப் படித்து, இது கட்டளைச் சொல், இது பெயர், இது எண், இது மேற்கோளுக்குள் இருக்கும் வாசகம் என்று பெயரிட வேண்டும். இந்தப் படி ஏன் முக்கியம் தெரியுமா? 6ஆம் வரியில் 'பாரம் அதிகம்' என்பதற்குப் பதிலாக 'இது வரை சரி' என்ற வாசகம் இருந்தால் என்ன ஆகும்? அதில் 'வரை' வருகிறது. அது கட்டளை அல்ல, வெறும் வாசகம். இதைப் பிரித்தறியாத மென்பொருள் அதைத் தடித்த எழுத்தில் போட்டு, கீழே உள்ள வரிகளையெல்லாம் காரணமின்றி உள்ளே தள்ளிவிடும்.

இரண்டாம் படி, ஆழத்தை எண்ணுவது. பூஜ்யத்தில் தொடங்குங்கள். 'வரை', 'ஆனால்' என்று முடியும் வரியை அச்சிட்ட பிறகு ஒன்று கூட்டுங்கள். 'முடி' வந்தால், அதை அச்சிடுவதற்கு முன் ஒன்று கழியுங்கள். நம் பத்து வரிக்கும் இப்படி எண்ணினால் 0, 0, 0, 1, 1, 2, 1, 1, 0, 0 என்று வரும். ஒவ்வொரு எண்ணையும் நான்கால் பெருக்கினால் அத்தனை இடம் தள்ள வேண்டும். படிக்கட்டு கட்டியாயிற்று. கடைசியில் எண் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லையென்றால் எங்கோ ஒரு 'முடி' விட்டுப்போயிருக்கிறது. அழகுபடுத்தப் போன இடத்தில் பிழையும் பிடிபடுகிறது.

மூன்றாம் படி, பக்கத்தில் அடங்காத நீண்ட வரியை மடிப்பது. டெரெக் ஓப்பன் என்ற கணினி ஆய்வாளர் 1980இல் இதற்கு வெளியிட்ட வழிமுறை இன்றும் பல மென்பொருள்களின் அடிப்படை. வரி அடங்கினால் அப்படியே விடு, அடங்காவிட்டால் எல்லாவற்றுக்கும் வெளியே உள்ள அடைப்பில் முதலில் மடி, அப்போதும் அடங்காவிட்டால்தான் உள்ளே போ என்பது அதன் சாரம். நீண்ட தமிழ் வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கும்போது நாம் மூச்சுவிடும் இடமும் இப்படித்தான். தொடர் முடியும் இடத்தில் நிறுத்துவோம், வேற்றுமை உருபுக்கு முன்னால் நிறுத்த மாட்டோம்.

மூலமும் உரையும்

இந்தக் கலையை அதன் உச்சிக்குக் கொண்டுபோனவர் டொனால்ட் நூத் என்ற கணினி அறிஞர். 1977இல் தம் நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த மெய்ப்புகளைப் பார்த்து, அச்சின் தரம் பிடிக்காமல், அச்சுக்கோக்கும் மென்பொருளைத் தாமே எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். உலகெங்கும் கணித, அறிவியல் நூல்கள் இன்றும் அதில் கோக்கப்படுகின்றன.

அதோடு அவர் நிற்கவில்லை. நிரல் என்பது முதலில் மனிதர்கள் படிப்பதற்கு, பிறகுதான் இயந்திரம் ஓட்டுவதற்கு என்று கருதினார். 1984இல் அவர் விளக்கிய முறையில், நிரலாளர் ஒரே கோப்பில் நிரலையும் அதற்கான விளக்கத்தையும் கலந்து எழுதுவார். ஒரு மென்பொருள் அதிலிருந்து கணினிக்கான நிரலைப் பிரித்தெடுக்கும். இன்னொன்று அதையே தடித்த எழுத்தும் உள்தள்ளலும் அட்டவணையுமாக அச்சுக்கு நெய்து தரும். டெக் மென்பொருளின் முழு நிரலும் இப்படி 1986இல் ஒரு புத்தகமாகவே அச்சில் வந்தது.

நமக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. மூலத்துக்குப் பக்கத்திலேயே உரையை வைத்துப் படித்த மரபு நம்முடையது. நூத் செய்தது நிரலுக்கு உரை எழுதியதுதான். அதனால் இம்முறையை உரைநிரல் என்று அழைக்கலாம்.

ஜெராக்ஸ் கடையில்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன, அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்து வருகிறது. இங்கே ஆண்டுதோறும் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் அச்சாகி, ஸ்பைரல் பைண்டிங் ஆகின்றன. அவற்றின் கடைசிப் பக்கங்களில் நிரல் இருக்கும். அந்தப் பக்கங்கள் எப்படிக் கெடுகின்றன என்று தெரிந்தால் காப்பாற்றிவிடலாம்.

கட்டுரை எழுதும் மென்பொருளில் நிரலை ஒட்டும்போது தொடக்க இடைவெளிகள் உதிரலாம். பைத்தான் நிரல் என்றால் அங்கேயே உயிர் போய்விடும். அதே மென்பொருள் நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக 'அழகுபடுத்தும்'. பார்க்க நன்றாக இருக்கும், தட்டச்சு செய்து ஓட்டினால் கணினி ஏற்காது. இரண்டு கழித்தல் குறிகள் ஒரு நீளக் கோடாகிவிடும். இந்தத் தானியங்கித் திருத்தங்களை நிரல் பக்கங்களுக்கு நிறுத்திவைக்க வேண்டும்.

பழைய தமிழ் எழுத்துருக்களில் வேறொரு விபத்து. 1999இல் தரப்படுத்தப்பட்ட தாம் குறியாக்கத்தில் ஆங்கில எழுத்துக்கே இடமில்லை, அந்த இடங்களிலும் தமிழ் வடிவங்கள்தான். அந்த எழுத்துருவில் ஆங்கில நிரலைப் போட்டால் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாறிவிடும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றபிறகு இந்தத் தொல்லைக்கு மருந்து கிடைத்துவிட்டது. ஒருங்குறியில் தட்டச்சு செய்தால் போதும்.

வண்ணத்தையும் யோசிக்க வேண்டும். திரையில் நிரல் பச்சை, நீலம், மஞ்சளில் மின்னும். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் மஞ்சள் காணாமல் போகும். வண்ணத்தை நம்பாமல் தடிப்பையும் இடத்தையும் நம்புங்கள். வரிக்கு எண் போடுங்கள், ஆனால் நிரலுக்கு வெளியே, மெல்லிய எழுத்தில். 'எட்டாம் வரியைப் பார்' என்று ஆசிரியர் சொன்னால் வகுப்பு முழுக்க ஒரே இடத்தைப் பார்க்கும்.

அம்மாவுக்குப் பதில்

எழில் மொழியில் 'காட்டு' என்பதற்கான கட்டளை 'பதிப்பி' என்பதைக் கவனித்திருப்பீர்கள். கணினிக்கு நாம் இடும் அந்தக் கட்டளை நமக்கும் பொருந்தும். நிரலைக் காகிதத்தில் ஏற்றும் மாணவர், ஆசிரியர், டிடிபி கடைக்காரர் ஒவ்வொருவரும் அந்த நேரத்துக்கு ஒரு பதிப்பாசிரியர். ஓலையின் வெள்ளத்தில் அடி பிரித்தவருக்கு இருந்த பொறுப்பில் ஒரு துளி அவர்களுக்கும் உண்டு.

அடுத்த முறை நிரல் பக்கம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். எழுத்துகள் படிக்க முடியாத தொலைவுக்குப் பக்கத்தைத் தள்ளிப் பிடியுங்கள். படிக்கட்டு மட்டும் தெரியும். எது எதற்குள் அடங்கியிருக்கிறது என்பதை அந்தப் படிக்கட்டை வைத்தே சொல்ல முடிந்தால், அது நல்ல அச்சு. முடியாவிட்டால் அதைத் திருப்பிக் கொடுத்து, சரிசெய்து தரச் சொல்லுங்கள்.

ரெக்கார்டு நோட்டு எழுதும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், பக்கம் வீணாகிறதே என்று கவலைப்படாதீர்கள். அந்தக் காலியிடமும் அவர்கள் எழுதிய எழுத்துதான்.